உள்நாடா, வெளிநாடா: நெல்லைக் குடும்பங்கள் டிக்கெட் எடுக்குமுன் போட வேண்டிய கணக்கு

வெளிநாடு என்றால் செலவு, உள்நாடு என்றால் சிக்கனம் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது பாதிதான் சரி. நாலு பேர் விமானத்தில் லடாக் போய் வர ஆகிற பணத்தில் இலங்கையைச் சுற்றிவிடலாம் என்கிற நிலை சீசனில் வருவதுண்டு. அதே நாலு பேர் வாஞ்சி மணியாச்சியில் ரயில் ஏறி மைசூர் போய் வந்தால் இலங்கைச் செலவில் கால் பங்குதான் ஆகும். ஆகவே எந்த நாடு என்று யோசிக்குமுன் ரயிலா, விமானமா என்று யோசியுங்கள். பணம் பிரிகிற இடம் அதுதான்.

செலவை இரண்டாகப் பிரியுங்கள்

ஒரு தாளில் இரண்டு பத்தி போடுங்கள். முதல் பத்தி தலைச்செலவு: ஊருக்குப் போய்ச் சேர ஆள் ஒன்றுக்கு ஆகிற பணம். டிக்கெட், பாஸ்போர்ட், விசா, பயணக் காப்பீடு, விமான நிலையம் வரை போக வர ஆகிற செலவு எல்லாம் இதில் வரும். இரண்டாவது பத்தி நாள்செலவு: அறை, சாப்பாடு, ஆட்டோ, நுழைவுக் கட்டணம்.

அப்பா, அம்மா, பத்து வயதுப் பிள்ளை, நாலு வயதுப் பிள்ளை என்று ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். கீழே வரும் டிக்கெட் விலைகளும் தினச் செலவும் மாதிரிக்குத்தான். உங்கள் தேதிக்கு உள்ள விலையைப் பார்த்து மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

மைசூருக்கு ஸ்லீப்பரில் ஒரு வழிக்கு ஆளுக்கு 450 ரூபாய் என்று வையுங்கள். ஐந்து வயது நிரம்பாத பிள்ளைக்கு, தனிப் படுக்கை கேட்காவிட்டால், ரயிலில் டிக்கெட்டே வேண்டாம். ஐந்து முதல் பன்னிரண்டுக்குள் இருக்கும் பிள்ளைக்குப் படுக்கை வேண்டுமானால் முழுக் கட்டணம். ஆக மூன்று படுக்கை, போக வர 2,700. மணியாச்சிக்குப் போக வரச் சேர்த்து 3,000 தலைச்செலவு. தினம் 3,500 வீதம் நாலு நாளுக்கு 14,000. மொத்தம் 17,000.

மதுரையிலிருந்து கொழும்புக்குப் போக வர விமான டிக்கெட் ஆளுக்கு 12,000 என்று வையுங்கள். விமானத்தில் இரண்டு வயது நிரம்பிவிட்டால் தனி இருக்கை, ஏறக்குறைய பெரியவர் கட்டணமே. ஆக 48,000. புதிதாக நாலு பாஸ்போர்ட்டுக்கு 4,900, காப்பீடு 2,000, மதுரை போக வர 1,500. ஊரை விட்டுக் கிளம்புமுன்பே 56,400 போய்விட்டது. தினம் 6,000 வீதம் நாலு நாளுக்கு 24,000. மொத்தம் 80,400.

இரண்டு கணக்கிலும் ஒரு நாளைக் குறைத்துப் பாருங்கள். மைசூரில் 17,000 என்பது 13,500 ஆகும். ஐந்தில் ஒரு பங்கு மிச்சம். கொழும்பில் 80,400 என்பது 74,400 ஆகும். பெரிய மிச்சம் ஒன்றுமில்லை. அதே கொழும்பில் எட்டு நாள் தங்கினால் 1,04,400, அதாவது நாளுக்கு 13,050. நாலு நாள் தங்கினால் நாளுக்கு 20,100. கையில் பணம் குறைவு, அதனால் மூன்று நாள் மட்டும் வெளிநாடு என்று முடிவெடுப்பவர்கள் இருப்பதிலேயே விலை கூடிய பயணத்தைத்தான் வாங்குகிறார்கள்.

ஒரு கைக்கணக்கு: தலைச்செலவு மொத்தப் பணத்தில் பாதியைத் தாண்டினால் அந்தப் பயணம் இந்த வருஷத்துக்கு இல்லை. மொத்தப் பணம் என்பது கையில் இருப்பதில் பத்தில் ஒரு பங்கை மருந்துக்கும் அவசரத்துக்கும் எடுத்து வைத்த பிறகு மிஞ்சுவது. நகையை அடகு வைத்தோ தவணையிலோ போகிற பயணத்துக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. வட்டியைச் சேர்த்தால் எந்தப் பக்கமும் கட்டாது.

யார் யார் வருகிறார்கள்

தலை கூடக் கூட உள்நாடு வெல்லும். ஆச்சியும் தாத்தாவும் சேர்ந்தால் மைசூர்க் கணக்கில் தலைச்செலவு 2,000 கூடும். கொழும்புக் கணக்கில் முப்பதாயிரத்தை நெருங்கும். வயது ஏற ஏறக் காப்பீட்டுப் பிரிமியமும் ஏறும். ரயிலில் மூத்த குடிமக்கள் சலுகை 2020 மார்ச்சில் நின்றது. அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். கீழ்ப் படுக்கைக்கு மட்டும் முன்னுரிமை உண்டு.

ஒரே ஒரு நிலையில் வெளிநாடு நிஜமாகவே கட்டுப்படியாகும். துபாயிலோ சிங்கப்பூரிலோ அத்தானோ சித்தியோ குடும்பத்தோடு இருந்து, வீட்டில் தங்க இடமும் இருந்தால் நாள்செலவில் பெரும்பகுதி கழிந்துவிடும். தலைச்செலவு மட்டும் அப்படியே நிற்கும். அப்போது பதினைந்து நாளாவது தங்குகிற மாதிரி போங்கள். வளைகுடாவில் வேலை செய்கிறவர்கள் ஜூன் கடைசியில் ஊருக்கு வந்து ஆகஸ்ட் கடைசியில் திரும்புவார்கள். டிக்கெட் விலை அந்தக் கூட்டத்தோடு ஏறும். நம் பிள்ளைகளின் மே விடுமுறை அதற்கு முந்தியே முடிகிறது என்பது ஒரு லாபம். பக்ரீத் எந்தத் தேதியில் விழுகிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நெல்லை வெயிலுக்குப் பயந்து மே மாதம் துபாய் போவதில் அர்த்தமில்லை.

மத்திய அரசு ஊழியராக இருந்து எல்.டி.சி. என்னும் விடுமுறைப் பயணச் சலுகை பாக்கி இருந்தால் பேச்சே இல்லை. அது இந்தியாவுக்குள் மட்டும்தான் செல்லும்.

உள்நாடு என்று முடிவானால்

ரயில் முன்பதிவு பயண நாளுக்கு 60 நாள் முன்பு, காலை 8 மணிக்குத் திறக்கும். 2024 நவம்பருக்கு முன் 120 நாளாக இருந்தது. பழைய நினைப்பில் தேடினால் ரயிலே இல்லை என்று காட்டும். மே முதல் வாரத்துக்கு வேண்டுமென்றால் மார்ச் முதல் வாரத்திலேயே உட்கார வேண்டும். போகிற டிக்கெட்டை எடுத்துவிட்டு வருகிற டிக்கெட்டை நாலு நாள் கழித்து எடுக்க நினைத்து மறப்பதுதான் பலர் மாட்டுகிற இடம். திரும்பும் தேதிக்கான முன்பதிவு என்றைக்குத் திறக்கிறது என்று நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். தட்காலை நம்பிக் குடும்பத்தோடு கிளம்ப வேண்டாம்: பயணத்துக்கு முந்தின நாள் காலை ஏ.சி.க்கு 10 மணி, மற்றதுக்கு 11 மணி, அதற்கும் ஆதார் இணைத்த கணக்கு வேண்டும். உறுதியான தட்கால் டிக்கெட்டை ரத்து செய்தால் பணம் வராது.

நம்மூரிலிருந்து ஒரே ராத்திரியில் போய்ச் சேரும் இடங்களை முதலில் பாருங்கள். ரயிலிலேயே தூங்கிவிட்டால் ஒரு ராத்திரி அறை வாடகை மிச்சம்.

கேரளப் பக்கம் போக பாலருவி எக்ஸ்பிரஸ் இருக்கிறது. தென்காசி, செங்கோட்டை, புனலூர் வழியாகக் கொல்லத்துக்கு விடியுமுன்பே இறக்கிவிடும். அதில் ஒரு குறை: செங்கோட்டை மலைப்பாதையையும் பதிமூன்று கண் பாலத்தையும் நடு ராத்திரியில் கடக்கிறது. பிள்ளைகளுக்கு மலையைக் காட்ட வேண்டுமென்றால் தென்காசி போய்ப் பகல் ரயில் பிடியுங்கள். ஆலப்புழையில் படகு வீட்டுக்கு ஒரு ராத்திரிக்குப் பல ஆயிரம் கேட்பார்கள். அந்தக் காயலையே கேரள அரசு நீர்ப் போக்குவரத்துத் துறையின் பயணிகள் படகில் பார்க்கலாம். ஆலப்புழையிலிருந்து கோட்டயத்துக்கு இரண்டரை மணி நேரம், கட்டணம் பஸ் டிக்கெட் அளவுதான். வயல், தென்னை, வீட்டு வாசலில் பாத்திரம் கழுவுகிறவர்கள் எல்லாம் அதே காட்சி, ஏ.சி. அறையும் மீன் வறுவலும் மட்டும் இருக்காது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழை. அறை விலை இறங்கும், மூணாறு போன்ற மலைப் பாதைகளில் மண் சரிவும் இருக்கும். அந்த மாதங்களில் நமக்குக் குற்றாலச் சாரல் பக்கத்திலேயே இருக்கும்போது மூணாறுக்குப் போய் அறைக்குள் உட்கார வேண்டியதில்லை.

மைசூருக்குத் தூத்துக்குடி–மைசூர் எக்ஸ்பிரஸ். அது நெல்லை ஜங்ஷனுக்கு வராது. மணியாச்சியில் ஏற வேண்டும். மைசூரில் விலங்குக் காட்சிசாலைக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. அரண்மனை விளக்கு அலங்காரம் ஞாயிறு, அரசு விடுமுறை நாள் மாலைகளில்தான். சனிக்கிழமை காலை போய் இறங்குகிற மாதிரி எடுத்தால் இரண்டும் கிடைக்கும். தசரா நாட்களில் அறை விலையைப் பார்த்தால் கொழும்பே தேவலாம் போலிருக்கும்.

கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் சொந்தக் காரிலோ வாடகை வேனிலோ போனால் இ-பாஸ் கட்டாயம். 2024 மே மாதத்திலிருந்து உயர் நீதிமன்ற உத்தரவு. அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்கு வேண்டாம். கோடையில் மலையடிவாரம் வரை ரயில், மேலே அரசு பஸ் என்று போவது காசுக்கும் நல்லது, சோதனைச் சாவடி வரிசைக்கும் நல்லது.

அறைக்கு ஒரு சொல். ரயில் நிலைய ஓய்வறைகளை உறுதியான டிக்கெட்டின் பி.என்.ஆர். எண்ணை வைத்து இணையத்தில் பதியலாம். காலை ஐந்து மணிக்கு இறங்கி, லாட்ஜில் பன்னிரண்டு மணிக்குத்தான் சாவி தருவோம் என்று சொன்னால் பிள்ளைகளோடு நடுத்தெருவில் நிற்க வேண்டாம். லாட்ஜ் என்றால் பதியுமுன் போனில் கேளுங்கள்: 24 மணி நேரக் கணக்கா, பகல் 12 கணக்கா? நாலாவது ஆளுக்கு மெத்தைக்குத் தனிக் காசா? தமிழ்நாடு, கேரளச் சுற்றுலாத் துறை விடுதிகளில் சனி, ஞாயிறு தவிர்த்தால் பெரும்பாலும் இடம் கிடைக்கும்.

வெளிநாடு என்றால் முதலில் பாஸ்போர்ட், பிறகுதான் டிக்கெட்

பாஸ்போர்ட் கையில் வருமுன் சலுகை விலை என்று விமான டிக்கெட் எடுப்பவர்கள் பணத்தை இழக்கிறார்கள். திருநெல்வேலியிலேயே பாஸ்போர்ட் சேவை மையம் இருக்கிறது. மதுரை மண்டல அலுவலகத்தின் கீழ் வருவது. விண்ணப்பம் அரசுத் தளத்தில் மட்டும். தேடும்போது மேலே வருகிற தனியார் தளங்கள் அரசுத் தளம் போலவே இருக்கும். முகவரியின் முடிவில் ஜி.ஓ.வி. டாட் இன் இருக்கிறதா என்று பாருங்கள்.

பெரியவருக்கு 36 பக்கம், பத்து வருஷம், 1,500 ரூபாய். பதினெட்டு வயதுக்குட்பட்டவருக்கு 1,000. செல்லுபடி ஐந்து வருஷம் அல்லது பதினெட்டு வயதுவரை, எது முந்தியோ அது. எட்டு வயதுக்குள் உள்ள பிள்ளைக்கும் அறுபது தாண்டியவருக்கும் புதுப் பாஸ்போர்ட்டில் பத்து சதவீதம் தள்ளுபடி. தட்கால் என்றால் மேலே 2,000. பிள்ளைகளுக்கு அப்பா அம்மா இருவரும் கையெழுத்திட்ட இணைப்பு டி என்னும் உறுதிமொழிப் படிவம் வேண்டும். 2023 அக்டோபர் 1 அல்லது அதற்குப் பின் பிறந்த குழந்தைக்குப் பிறந்த தேதிச் சான்றாகப் பிறப்புச் சான்றிதழ் மட்டுமே செல்லும்.

தமிழ்க் குடும்பங்கள் தடுக்கி விழுகிற இடம் இனிஷியல். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுத வேண்டும். அப்பா பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போடுவது வழக்கம். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு ஒற்றைப் பெயரில் எடுத்தவர்களுக்கு ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பர் முதல் சுற்றுலா நுழைவில் கெடுபிடி செய்கிறது. புதிதாக எடுக்கிறவர்கள் இரண்டு கட்டத்தையும் நிரப்பிவிடுங்கள். வீட்டில் எல்லாருக்கும் ஒரே முறையில் எழுதுங்கள். பிள்ளையின் ஆதாரிலும் பிறப்புச் சான்றிதழிலும் எழுத்து ஒத்துப்போகாவிட்டால் அதைத் திருத்தவே ஒரு மாதம் போய்விடும். முதலில் அதை முடியுங்கள்.

பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இருந்தால் மறக்காமல் இணையுங்கள். இணைக்காவிட்டால் இ.சி.ஆர்., அதாவது வேலைக்குப் போகக் குடியேற்ற அனுமதி தேவை என்கிற முத்திரையோடு வரும். மலேசியா, தாய்லாந்து, வளைகுடா நாடுகளுக்குப் போகும்போது வேலைக்குப் போகிறாயா என்று குடியேற்ற மேசையில் நிறுத்திக் கேட்பார்கள். பாஸ்போர்ட் ஏற்கெனவே இருந்தால் பயணத் தேதியிலிருந்து ஆறு மாதமாவது உயிர் இருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளைகளுடையது ஐந்து வருஷம்தான் என்பதால் அதுதான் முதலில் காலாவதியாகும்.

எந்த நாடு

பாஸ்போர்ட்டே வேண்டாம் என்று நேபாளத்தையும் பூட்டானையும் சொல்வார்கள். வாக்காளர் அட்டை போதும் என்பது உண்மை. 15 முதல் 65 வயதுவரை உள்ளவர்களுக்கு ஆதார் அட்டை செல்லாது என்பதும் உண்மை. ஆனால் பூட்டானில் இந்தியருக்கு ஒரு ராத்திரிக்கு 1,200 ரூபாய் நிலைத்த வளர்ச்சிக் கட்டணம், ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்கு அதில் பாதி, ஆறுக்குள் இலவசம். நம் மாதிரிக் குடும்பத்துக்கு அறையும் சாப்பாடும் போக ராத்திரிக்கு 3,000. நேபாளத்துக்கு அப்படி இல்லை, ஆனால் தூரம். திருவனந்தபுரம் வடக்கிலிருந்து ரப்திசாகர் எக்ஸ்பிரஸில் கோரக்பூர் போக இரண்டு நாளுக்கு மேல், அங்கிருந்து சுனௌலி எல்லைக்கு பஸ். பன்னிரண்டு நாள் கையில் இருந்தால் மட்டும் யோசியுங்கள். இருந்தால், ரயிலில் போகக்கூடிய மலிவான வெளிநாடு அதுதான்.

இலங்கைக்கு மதுரையிலிருந்து விமானம்; நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல். கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. நாலு மணி நேரப் பயணம். இறங்கினால் யாழ்ப்பாணம், பாஷைச் சிக்கல் இல்லை, சோறும் நம் சோறுதான். முதல் வெளிநாட்டுப் பயணத்துக்கு இதைவிடப் பொருத்தமானது நம் பக்கத்தாருக்கு இல்லை என்பது எங்கள் கருத்து. வடகிழக்குப் பருவமழையில் கடல் மோசமானால் கப்பல் நிற்கும். அரையாண்டு விடுமுறைக்கு இதை நம்பாதீர்கள். கோடையில் போனாலும் திரும்புகிற நாளுக்கும் அலுவலகம் திறக்கிற நாளுக்கும் இடையே ஒரு நாள் இடைவெளி வையுங்கள். நல்லூர்த் திருவிழா நடக்கிற இருபத்தைந்து நாளில் யாழ்ப்பாணத்தில் அறை கிடைப்பது கடினம். இ.டி.ஏ. என்னும் மின்னணுப் பயண அனுமதியைப் புறப்படுமுன்பே அரசுத் தளத்தில் எடுத்துவிடுங்கள்.

மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் இந்தியருக்கு 30 நாள் விசா இல்லாமல் அனுமதிக்கிறது; 2026 டிசம்பர் இறுதிவரை நீட்டித்திருக்கிறது. அங்கே போய் இறங்குவதற்கு முந்தின மூன்று நாளுக்குள் மின்னணு வருகை அட்டையை நிரப்ப வேண்டும், அது இலவசம். தாய்லாந்துக்கும் 2025 மே 1 முதல் அதேபோல் ஒன்று, அதுவும் இலவசம். இதற்குக் காசு கேட்கிற தளம் எதுவானாலும் வெளியே வந்துவிடுங்கள். விசா விதிகள் அடிக்கடி மாறும். டிக்கெட் எடுக்கிற அன்று அந்த நாட்டுத் தூதரகத் தளத்தை ஒருமுறை பாருங்கள்.

டிக்கெட் தேடும்போது மதுரை, திருவனந்தபுரம், திருச்சி மூன்றையும் போட்டுப் பாருங்கள். தூத்துக்குடி விமான நிலையம் இருக்கிற வாகைக்குளம் பக்கம்தான், ஆனால் அங்கே உள்நாட்டு விமானம் மட்டும். திருச்சியில் ஆளுக்கு 2,000 குறைவு என்று தெரிந்தால், அங்கே போய் வர ஆகிற செலவையும் விமானம் நடு ராத்திரியில் என்றால் தங்குகிற செலவையும் கூட்டிவிட்டு முடிவெடுங்கள். குறைந்த கட்டண வெளிநாட்டு விமானங்களில் பெரும்பாலும் ஏழு கிலோ கைப்பை மட்டுமே டிக்கெட்டில் சேரும். நாலு பேருக்கும் பெட்டி வாங்காமல் ஒரே ஒரு 20 கிலோ பெட்டியை, டிக்கெட் எடுக்கும்போதே வாங்குங்கள். கவுன்டரில் வாங்கினால் பல மடங்கு. 12ஆம் தேதி 00:30 மணி விமானம் என்றால் 11ஆம் தேதி ராத்திரியே நிலையத்தில் இருக்க வேண்டும். இதில் ஒரு நாள் தவறி வருகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

பேக்கேஜ், பணம், பெட்டி

டூர் பேக்கேஜ் விலையில் ஆள் ஒன்றுக்கு என்று போட்டிருப்பது இரண்டு பேர் ஓர் அறையில் தங்கும் விலை. லேண்ட் பேக்கேஜ் என்றால் விமானம் சேராது. சேர்ந்தவை பட்டியலைவிடச் சேராதவை பட்டியலைக் கவனமாகப் படியுங்கள்: மதியச் சாப்பாடு, விசா, ஓட்டுநர் படி, நுழைவுச் சீட்டு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

வெளிநாடு போய்க் கார்டைத் தேய்த்தால் பல வங்கிகள் 3.5 சதவீதம் வரை கூடுதலாக எடுக்கும், அதன் மேல் ஜி.எஸ்.டி. கடைக்காரர் ரூபாயில் போடவா, உள்ளூர் நாணயத்தில் போடவா என்று கேட்டால் உள்ளூர் நாணயம் என்று சொல்லுங்கள். ரூபாயில் போட்டால் மாற்று விகிதத்தை அவர்கள் இஷ்டத்துக்கு வைப்பார்கள். கிரெடிட் கார்டில் பணம் எடுக்கவே வேண்டாம். முதல் இரண்டு நாள் செலவுக்கு நோட்டாக, விமான நிலையத்தில் இல்லாமல் ஊரிலேயே உரிமம் பெற்ற இடத்தில் மாற்றிக்கொள்ளுங்கள்.

பெட்டியில் இட்லிப் பொடி, முறுக்கு, புளிக்காய்ச்சல் எல்லாம் போகலாம். நெய், ஊறுகாய், புளிக்காய்ச்சல் போன்று வழிகிறவை பெட்டிக்குள். வெளிநாட்டு விமானத்தில் கைப்பையில் 100 மில்லிக்கு மேல் விட மாட்டார்கள். பவர் பேங்க் நேர்மாறு, கைப்பையில் மட்டும். கோயில் பிரசாதத்தோடு வருகிற கொப்பரைத் தேங்காயை எடுத்துவிடுங்கள். தீப்பிடிக்கும் பொருளாகக் கருதிப் பெட்டியைத் திறக்க வைப்பார்கள். இன்னொன்று கசகசா. சிங்கப்பூரிலும் அமீரகத்திலும் அது போதைப்பொருள் சட்டத்தில் வரும். வீட்டில் அரைத்த குருமாப் பொடியில் கசகசா இருக்கிறதா என்று அத்தைக்குக் கொடுத்தனுப்புகிறவர்களிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். பெரியவர்களின் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை டாக்டர் சீட்டோடு, அட்டை பிரிக்காமல், கைப்பையிலேயே வையுங்கள்.

வெளிநாட்டுப் பேக்கேஜை முகவரிடம் வாங்கினால் டி.சி.எஸ். என்று ஒரு தொகை பிடிப்பார்கள். விகிதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறுகிறது. பணம் கட்டுகிற அன்று எத்தனை சதவீதம் என்று கேட்டு ரசீதில் எழுதி வாங்குங்கள், பான் எண்ணையும் சரியாகக் கொடுங்கள். அது உங்கள் பெயரில் வருமான வரித் துறைக்குப் போகிற பணம். திரும்பி வந்து வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது 26ஏ.எஸ். படிவத்தில் அந்தத் தொகை ஏறியிருக்கிறதா என்று பார்த்துக் கோருங்கள். கட்ட வேண்டிய வரி இல்லாதவர்களுக்கு முழுதும் வங்கிக் கணக்குக்கே வரும்.